"அம்பாள் கொடுத்த பிள்ளை" என்கிறார் அத்தை. எனக்குச் சாமி நம்பிக்கையே இல்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 32. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அத்தை என்று கூப்பிடுவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே இல்லை. இப்படிச் சொன்னால் உடனே "மனசுல என்னம்மா கஷ்டம்?" என்று கேட்கிறார்கள். ஒரு கஷ்டமும் இல்லை. யார் செத்தும் வெறுத்துப்போகவில்லை, எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். கோயில் எனக்குப் பிடிக்கும். பிரதோஷத்தன்று ஓதுவார் தேவாரம் பாடினால் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிடுவது பிடிக்கும். ஆனால் நாம் வேண்டுவதைக் கேட்க அங்கே ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

பத்தொன்பது வயதில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "கல்யாணம் ஆகிறவரைக்கும் இத வெளியில சொல்லிடாத" என்றார். கல்யாணம் ஆனதும் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அது உன் இஷ்டம். அம்மாகிட்ட மட்டும் சொல்லாத" என்றார். அதோடு சரி. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுகிறேன், கிருத்திகைக்கு மாக்கோலம் போடுகிறேன், மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்கிறேன். எல்லாம் நடக்கிறது.

எங்களுக்குக் குழந்தை தள்ளிப்போனது. குறை யாரிடம் என்று இங்கே எழுத விரும்பவில்லை. தஞ்சாவூரில் டெஸ்ட் டியூப் சிகிச்சை எடுத்துக்கொண்டோம். முதல் தடவை நிற்கவில்லை. நகையை அடகு வைத்து மறுபடி ஆரம்பித்தோம். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வேன், பிறகு வேலைக்குக் கிளம்புவேன். கருமுட்டை எடுத்த அன்று வலியில் காரில் பேச முடியாமல் படுத்துக்கொண்டு வந்தேன். கரு வைத்த பிறகு ரத்தப் பரிசோதனை வரைக்கும் இரண்டு வாரம் போனதே, அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. சிகிச்சை எடுத்தது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். வெளியில் தெரிந்தால் அவருக்கு அவமானம் என்று அத்தை கட்டாயமாகச் சொல்லிவிட்டார்.

இதே சமயத்தில் அத்தை என்னைத் திருக்கருகாவூருக்கும் கூட்டிப் போனார். கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட வைத்தார். அங்கே தருகிற நெய்யை 48 நாள் ராத்திரியில் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் வாங்கி வந்து வயிற்றில் தடவினார். நான் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து இது "அம்பாள் கொடுத்த பிள்ளை". பெயரும் அம்பாள் பெயர்தான். டாக்டரைப் பற்றிப் பேச்சு எடுத்தால், "அந்தக் காலத்துல அம்பாள் கருவைக் குடத்துல வச்சுக் காப்பாத்தினா. இப்ப டாக்டரம்மா கண்ணாடியில வச்சுக் காப்பாத்துறாங்க. ரெண்டும் அவ செயல்தான்" என்கிறார். அப்படியானால் நான் யார்? அந்த ஊசி எல்லாம் யார் உடம்பில் ஏறியது?

தை மாதம் குலதெய்வம் கோயிலில் முடியிறக்கிக் காதுகுத்து. அதற்கு முதல் நாள் கருகாவூரில் தொட்டில் வேண்டுதல். பத்திரிகையில் அம்பாள் அருளால் பிறந்த குழந்தை என்று போடப்போகிறார்கள்.

போன வாரம் நடந்ததால்தான் இந்தக் கடிதம். கணவருடைய சித்தி மகள் வந்திருந்தார். அவருக்கு 36 வயது, கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. பரிகாரக் கோயில் எல்லாம் சுற்றிவிட்டார். இருவரும் இதுவரை எந்த டாக்டரிடமும் போகவில்லை. அத்தை அவரிடம், "பாரு, நெய்தான் சாப்பிட்டா, தங்கிடுச்சு" என்றார். அந்த அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "காதுகுத்துக்கு வா, இவளே தன் வாயால எல்லாருக்கும் சொல்லுவா" என்றும் அத்தை சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. குழந்தை தூங்கிய பிறகும் அழுகை வருகிறது. காதுகுத்தன்று எல்லார் முன்னிலையிலும், "சாமியும் இல்லை, நெய்யும் இல்லை, நான் பட்ட பாடுதான்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைக்கிறேன். நம்பிக்கை இல்லாமல் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றால் நான் போலி இல்லையா? அத்தையிடம் சொல்வதா, வேண்டாமா? குழந்தையை எப்படி வளர்ப்பது? நாத்திகம் என்று தெரிந்தால் கல்யாணமே செல்லாது என்று சொல்லிவிடுவார்கள் என்று தோழி ஒருத்தி வேறு பயமுறுத்துகிறாள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புள்ள வாசகிக்கு,

தோழியின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். கடவுள் நம்பிக்கை இல்லை என்பதால் உங்கள் திருமணம் செல்லாமல் போகாது. இந்து திருமணச் சட்டத்தில், ஒருவர் வேறு மதத்துக்கு மாறிவிட்டால் துணைவர் விவாகரத்துக் கேட்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நம்பாமல் இருப்பது மதம் மாறுவது ஆகாது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு எல்லாருக்கும் மனச்சான்று சுதந்திரம் தருகிறது. உங்கள் மனச்சான்றும் அதில் சேர்த்திதான். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தையே 1967இல் சட்டம் கொண்டுவந்து செல்லுபடியாக்கிய மாநிலம் இது. ஆகவே அந்தக் கவலையை விடுங்கள்.

அடுத்தது உங்கள் தூக்கம். பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் வருகிற மனச்சோர்வு சாதாரணமாகக் காணப்படுவதுதான். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், அழுகையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், உங்கள் மகப்பேறு டாக்டரிடமே சொல்லுங்கள். செத்துவிடலாம் என்றோ குழந்தைக்கு ஏதாவது ஆகட்டும் என்றோ எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மனச்சோர்வு இருக்கும்போது குடும்பத்தையே புரட்டிப்போடுகிற பேச்சை ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதம் முழுக்க நாத்திகத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு நின்றது "அப்படியானால் நான் யார்?" என்ற ஒரு வரிதான். உங்கள் கோபம் அம்பாள்மீது இல்லை. நம்பாமலே இத்தனை வருஷம் விளக்கு ஏற்றிக்கொண்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் பட்ட வலியை வெளியில் யாரும் பார்க்கவில்லை, பார்த்த இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அதுதான் இப்போது பொங்குகிறது. கருவுறும் சிகிச்சையில் ஒரு பெண் தினசரி ஊசியையும் வீக்கத்தையும் மயக்க மருந்தையும், அதற்குப் பிறகு அந்த இரண்டு வாரக் காத்திருப்பையும் தாண்டி வருகிறாள். சுகப்பிரசவத்துக்குப் பத்தியச் சோறும் விசாரிப்பும் கிடைக்கிற மாதிரி இதற்கு எந்த மரியாதையும் நம் ஊரில் இன்னும் ஏற்படவில்லை. ரகசியம் வேறு. ஆகவே நீங்கள் அத்தையிடம் முதலில் சொல்ல வேண்டியது, "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை" என்பதல்ல. "அத்தை, அந்த நாளெல்லாம் எனக்கு எவ்வளவு வலிச்சதுன்னு உங்ககிட்ட நான் சொன்னதே இல்ல" என்பதுதான். இதற்கு நாத்திகம் தேவையில்லை. குழந்தை தூங்கும் ஒரு மத்தியானம் போதும்.

கடவுளைப் பற்றிய பேச்சை இதோடு சேர்த்தால் என்ன ஆகும் தெரியுமா? மூன்று வயலுக்குப் பிரிய வேண்டிய தண்ணீரை ஒரே மடையில் திறந்துவிட்டால் வரப்பு உடையும். உங்கள் வலி ஒரு விஷயம், அந்த அக்காவிடம் சொல்லப்படும் பொய் இன்னொன்று, உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாதது மூன்றாவது. காதுகுத்துப் பந்தலில் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டினால், உறவுக்காரர்கள் காதில் கடைசி ஒன்று மட்டும்தான் விழும். மருமகள் சாமியைப் பழித்தாள் என்று ஊர் பேசும். உங்கள் வலியும் மறைந்துபோகும், அந்த அக்காவுக்கும் உபயோகம் இருக்காது.

இந்த மூன்றில் அவசரமானது அந்த அக்கா விஷயம்தான். 35 வயதுக்குக் குறைவான பெண்ணுக்கு ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். 35ஐத் தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலேயே பார்க்கச் சொல்வார்கள், ஏனென்றால் அதற்குமேல் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். அவருக்கு 36 ஆகிறது. இன்னும் ஒரு மண்டலம் நெய் சாப்பிடுவதால் கெடுதி எதுவும் இல்லை. நெய் சாப்பிட்டுக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருக்கிறாரே, அதில்தான் கெடுதி. கணவனுக்கு விந்துப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். இருப்பதிலேயே எளிய, செலவு குறைந்த சோதனை அதுதான், நம் வீடுகளில் கடைசியாக நடப்பதும் அதுதான். பெண்ணைக் கோயில் கோயிலாக நடக்க விட்டுவிட்டு, பையனை ஒரு லேபுக்கு அனுப்ப வருஷக்கணக்கில் யோசிக்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு அதில் பொறுமை கிடையாது.

இதற்கும் கடவுள் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சிகிச்சை ரகசியம் உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் கணவருடையதும்கூட. அவரிடம் முதலில் பேசுங்கள். "நம்ம அக்கா வயசு போயிட்டிருக்கு. யார் குறைன்னு சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட போனோம்னு மட்டும் சொல்றேன்" என்று கேளுங்கள். சிகிச்சையின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம் என்று அவர் நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. அந்த அக்காவைத் தனியாக அழைத்து, "அக்கா, நான் நெய்யும் சாப்பிட்டேன், டாக்டர்கிட்டயும் வைத்தியம் பாத்துக்கிட்டேன். நீங்களும் ரெண்டு பேரும் போங்க, தள்ளிப்போடாதீங்க" என்று சொன்னால் போதும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அத்தையின் நம்பிக்கையையும் இது தொடவில்லை.

இனி அத்தை. அவர் சொன்ன குடம், கண்ணாடி ஒப்பீடு உங்களை எரிச்சல்படுத்துகிறது. என்னை அது வேறு மாதிரி யோசிக்க வைத்தது. திருக்கருகாவூர் தலபுராணத்தில் வேதிகை என்ற பெண்ணின் கலைந்துபோன கருவை அம்பாள் குடத்தில் வைத்துக் காக்கிறாள். உங்கள் அத்தை அந்தக் கதைக்குள் டாக்டரம்மாவுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். சிகிச்சையே பாவம் என்று சொல்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். இவர் மருத்துவத்தை மறுக்கவில்லை, தன் உலகத்துக்குள் சேர்த்துக்கொண்டார். உங்களை அதில் விட்டுவிட்டார், உண்மைதான். அதை அவரிடம் கேட்கலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பசிபிக் பகுதியில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அங்குள்ளவர்கள் மந்திரம் எதையும் நாடுவதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள். அந்த இரண்டு வாரம் உங்கள் கையில் மாத்திரையாவது இருந்தது. அத்தை கையில் என்ன இருந்தது? வேண்டுதலைத் தவிர அவரால் செய்ய முடிந்தது வேறு எதுவுமில்லை. "அம்பாள் கொடுத்தாள்" என்று அவர் சொல்லும்போது, "நானும் இதற்காகக் கிடந்து தவித்தேன்" என்பதும் அதற்குள் இருக்கிறது. அந்தத் தவிப்பைத் தட்டிவிடுகிற மாதிரி பேசினால் அவருக்கு அம்பாளைவிடத் தனக்குத்தான் அவமானம் நேர்ந்ததாகத் தோன்றும்.

அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்றால், சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். எல்லாருக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். அப்பா அம்மா பணத்தில் படிக்கிற பிள்ளைகளும், அடிக்கிற வீட்டில் இருக்கிற பெண்களும் எழுதிக் கேட்டால், சொந்தக்காலில் நிற்கும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்பேன். அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, விஷயம் தெரிந்த கணவர் இருக்கிறார், அத்தையும் முரடர் இல்லை என்று தெரிகிறது. எதற்காகச் சொல்கிறீர்கள் என்பதில் மட்டும் தெளிவாக இருங்கள். அவர் உங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் சொல்லுங்கள். அவரை ஜெயிக்க வேண்டும் என்றால் வேண்டாம்.

நம் டெல்டாவில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சுயமரியாதை இயக்கம் 1925இல் தொடங்கி நூறு வருடம் ஆகிவிட்டது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை நிற்கிற ஊர்கள் நம்முடையவை. சாமி இல்லை என்கிற ஆண் இங்கே யாருக்கும் புதிதல்ல. கருப்புச் சட்டை போட்டு மேடையில் பேசுவார், வீட்டுக்கு வந்தால் மனைவி விளக்கு ஏற்றியிருப்பார், இருவரும் ஒரே தட்டுப் பொங்கலைச் சாப்பிடுவார்கள். தாத்தா அப்படித்தான் என்று வீடு அவரை ஏற்றுக்கொண்டது. ஏனென்றால் அவர் நம்பாததால் வீட்டில் எந்த வேலையும் நிற்கவில்லை. மருமகள் நம்பவில்லை என்றால் அப்படி இல்லை. விளக்கும் கோலமும் விரதமும் திவசச் சமையலும் அவள் கையில் இருக்கின்றன. அத்தைக்கு உடனே வருகிற கேள்வி கடவுள் உண்டா இல்லையா என்பதாக இருக்காது. "எனக்கப்புறம் இந்த வீட்டுல யாரு விளக்கேத்துவா?" என்பதாக இருக்கும். இதற்குப் பதிலை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு ஏற்ற உங்களுக்குச் சிரமமில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். விரதமெல்லாம் முடியாது என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு நம்பிக்கை உண்டென்றால், தீப்பெட்டியை அவர் எடுத்தால் என்ன? நம்புகிற ஆண் வீட்டில் இருக்கும்போது நம்பாத பெண்தான் விளக்கேற்ற வேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இன்னொரு பயமும் அத்தைக்கு வரும், அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சாமிக்கே பயப்படாதவள் வேறு யாருக்குப் பயப்படுவாள்? 2011இல் கெர்வைஸ், ஷரீஃப், நோரன்சாயன் என்ற உளவியலாளர்கள் நாத்திகர்கள்மீது உள்ள வெறுப்பை ஆராய்ந்தார்கள். அதன் மையத்தில் இருந்தது அவநம்பிக்கை. மேலிருந்து ஒருவர் பார்க்கிறார் என்ற எண்ணம் இல்லாதவரை நம்பிப் பழகலாமா என்ற சந்தேகம். 2017இல் கெர்வைஸும் வேறு பல ஆய்வாளர்களும் இந்தியா உட்பட 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில், கொடூரமான குற்றம் செய்தவன் நாத்திகனாகத்தான் இருப்பான் என்று மனம் தானாகவே சாய்வது தெரிந்தது. நாத்திகர்களுக்குமே அந்தச் சாய்வு இருந்தது என்பதுதான் இதில் விசேஷம்! ஆகவே கடவுள் இல்லை என்பதற்கு நீங்கள் அடுக்குகிற நியாயம் எதுவும் அத்தையிடம் வேலை செய்யாது, அவர் கேட்கப்போகும் கேள்வியே அது இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் அதே ஆள்தானா என்பது. என்ன மாறாது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். நானாக இருந்தால் இப்படிப் பேசுவேன்:

"அத்தை, உங்ககிட்ட மறைச்சு வச்சிருக்கிறது எனக்கு உறுத்துது. எனக்குக் காலேஜ் படிச்ச காலத்துலேர்ந்தே சாமி நம்பிக்கை இல்ல. எந்தக் கட்சிலயும் சேரல, யார் மேலயும் கோபமும் இல்ல. நீங்க கும்பிடுறதைத் தடுக்க மாட்டேன், கோயிலுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போவேன். பாப்பாவுக்கு நீங்க கதை சொல்லுங்க. ஆனா நான் வேண்டிக்கிட்டேன்னு நீங்க நாலு பேர்கிட்ட சொல்லும்போது, உங்களையே நான் ஏமாத்துற மாதிரி இருக்கு."

அதற்குமேல் பேசாதீர்கள். அவர் அழலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம், "எல்லாம் அந்தத் திருச்சி காலேஜ்" என்று கோபப்படலாம். விவாதத்துக்கு இழுத்தால் போகாதீர்கள். கணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆனால் பேசும்போது அவர் பக்கத்தில் வேண்டாம். இருவரும் சேர்ந்து வந்தால் மகனும் கைவிட்டுப் போய்விட்டான் என்று அத்தைக்குத் தோன்றும். கணவரின் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. அம்மா அவரிடம் புலம்பும்போது, "எனக்கு முன்னாடியே தெரியும்மா. அவ எப்பவும் போலத்தான் இருக்கா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "அம்மாகிட்ட சொல்லாத" என்று சிரித்துத் தப்பித்தது இனி செல்லாது என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எப்போது பேசுவது? என் யோசனை, காதுகுத்தும் தொட்டிலும் முடிந்த பிறகு. வேண்டிக்கொண்டவர் அவர், நிறைவேற்ற வேண்டியவரும் அவர்தான். அது பாக்கி நிற்கும்போது நீங்கள் வாயைத் திறந்தால், அன்று ராத்திரி குழந்தைக்குத் தும்மல் வந்தாலும் தெய்வக் குற்றம் என்று ஆகிவிடும். முடிந்த பிறகு சொன்னாலும் அடுத்த காய்ச்சல் உங்கள் கணக்கில் எழுதப்படலாம். அதற்கும் தயாராக இருங்கள். "நீங்க விபூதி வச்சு விடுங்க அத்தை, நான் டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வேலை இரண்டும் நடக்கும்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் போலியா என்று கேட்டீர்கள். இல்லை. ஓதுவார் பாட்டுக்கு நிற்பது போலியா? பெரியவர் ஒருவருடைய சந்தோஷத்துக்குக் கூட நிற்பது வேறு, உங்கள் வாயால் சாட்சி சொல்வது வேறு. முதலாவதைச் செய்யுங்கள், இரண்டாவதை மறுத்துவிடுங்கள். அத்தை நாலு பேர் முன்னால் "நீயே சொல்லு" என்றால், "அத்தைதான் எனக்காக எல்லாக் கோயிலுக்கும் நடந்தாங்க, அவங்களே சொல்லட்டும்" என்று ஒதுங்கிவிடலாம். படியை மறுபடி நெய்யால் மெழுகச் சொன்னால், மனம் ஒப்பவில்லை என்றால் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், அவர் மெழுகட்டும். பத்திரிகையில் அம்பாள் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அது அத்தை கொடுக்கிற அழைப்பு. அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

குழந்தையை வளர்ப்பது பற்றி இப்போதே இவ்வளவு கவலை எதற்கு? ஏழு மாதம்தானே ஆகிறது. கேட்கிற வயது வரும்போது, "பாட்டிக்கு நம்பிக்கை உண்டு, அம்மாவுக்கு இல்ல, நீ பெரியவளாகி யோசிச்சுக்க" என்று சொன்னால் புரிந்துகொள்வாள். பெரியவர்கள் சண்டை போடாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு அது ஒரு பாரமே இல்லை.

ஆக இந்த வாரம் கணவரிடம் பேசுங்கள், உடனே அந்த அக்காவிடமும் பேசுங்கள். அத்தையிடம் உங்கள் வலியைச் சொல்வதற்கு நீங்களே ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றது தைக்குப் பிறகு. அந்த அக்கா விஷயத்தை மட்டும் தைவரை தள்ளாதீர்கள். இப்போதே போனால், காதுகுத்துக்கு வருவதற்குள் அவருக்கும் அவர் கணவருக்கும் முதல் கட்டப் பரிசோதனைகள் முடிந்திருக்கும்.